நெய்க் கிடங்குப் பார்லிமெண்டும் ஓர் இட்டேரியும்

பி.ஏ. பரீட்சையில் அரசியல் சாஸ்திரத் தாளில் இரண்டு முறை தோற்றவன் ஊருக்குத் திரும்பி வந்து ஒரு பார்லிமெண்டை ஆரம்பித்தான் என்றால் அவனை என்ன சொல்லி அழைப்பது? தயங்க வேண்டாம், முட்டாள் என்றே சொல்லலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். அந்த ஆள் நான்தான்.

அரசு என்றால் என்ன என்ற கேள்விக்கு முதல் முறை ஒன்பது பக்கம் எழுதினேன். தோற்றேன். அதிகம் எழுதியதுதான் தப்பு என்று அடுத்த முறை ஒன்றரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். அப்போதும் தோற்றேன். இரண்டு முறையும் நான் எழுதியதன் சாரம் ஒன்றுதான். அரசு என்றால் ஆணை. ஆணை என்றால் அதற்குப் பின்னால் ஒரு தடி. தடி இல்லாத ஆணை வெறும் பேச்சு. பாடப் புத்தகம் அப்படித்தான் சொன்னது, நானும் அதை வேதவாக்காக நம்பினேன். ராசிபுரத்து நெய்க் கிடங்கு ஒன்றில் அந்த நம்பிக்கை வெண்ணெயோடு வெண்ணெயாகக் கரைந்து போன கதை இது.

லண்டனில் நமக்கென்று ஒரு புதிய அரசியல் சட்டம் செய்து முடித்துவிட்டார்கள், சீக்கிரம் தேர்தல் வரும், மாகாணத்துக்கு மந்திரிகள் வருவார்கள் என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த காலம். சேலத்திலிருந்து நாமக்கல் போகும் பஸ்ஸில் பத்திரிகை வரும். கடைவீதியில் ஒரு நெய் வியாபாரி அதை வரவழைத்தார். வரவழைப்பாரே தவிரப் படிக்க மாட்டார். யாராவது படித்தால் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். படிக்கிற உத்தியோகம் எனக்குக் கிடைத்தது. சம்பளம் முருங்கைக் கீரை. வெண்ணெய் காய்ச்சும்போது வாசத்துக்கு அண்டாவில் ஒரு கொத்துக் கீரை போடுவார்கள் அல்லவா, அது நெய்யிலேயே பொரிந்து மொறுமொறுவென்று வரும். அந்தக் கீரைக்காக நான் இங்கிலாந்து ராஜாவின் பிரசங்கத்தை இரண்டு தடவை படித்துக் காட்டியிருக்கிறேன்.

சந்தை நாளில் சுற்று வட்டாரத்துப் பெண்கள் சட்டிகளில் வெண்ணெய் கொண்டு வந்து அந்தக் கிடங்கில் போடுவார்கள். மத்தியானத்துக்குள் எடை போட்டு முடிந்துவிடும். அப்புறம் சந்தைக்கு வந்த நாலு பேர், தறியை நிறுத்திவிட்டு வந்த நாலு பேர் என்று ஒரு கூட்டம் சேர்ந்து என் வாசிப்பைக் கேட்கும். கீரையையும் தின்னும். அப்படி ஒரு நாள் யாரோ, அந்தச் சட்டசபை சட்டசபை என்கிறார்களே, அதற்குள் போய் என்னதான் செய்வார்கள் என்று கேட்டார். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நான், அதை வாயால் சொன்னால் விளங்காது, நடத்தித்தான் காட்ட வேண்டும் என்றேன்.

அடுத்த சந்தை நாளே பார்லிமெண்டு கூடிவிட்டது. பதினோரு அங்கத்தினர்கள். கிடங்கு யாருடையதோ அவர்தான் பிரதம மந்திரி என்பதில் இரண்டு அபிப்பிராயம் இருக்கவில்லை. எதிர்க்கட்சிக்கு ஒரே ஒரு ஆள், ஆரம்பப் பள்ளிக்கூட வாத்தியார். யாரையும் எதிர்த்துப் பேசுவது அவருக்குச் சுபாவம் என்பதால் வேறு யாரும் தேவைப்படவில்லை. வெளிநாட்டு மந்திரி பதவி பக்கத்துக் கிராமத்துப் பெரிய பண்ணையக்காரர் ஒருவருக்குப் போயிற்று. அவர் ஒரு தடவை கொழும்புக்குப் போய் வந்தவர். மற்ற பத்துப் பேரும் கடலைப் பார்த்ததே இல்லை.

நான் சபாநாயகர், அந்தப் பதினொன்றில் சேர்த்தி இல்லை. உட்கார உயரமான நாற்காலி வேண்டும் என்று நாவிதர் கடை நாற்காலியை இரவல் வாங்கினோம். தலை சாய்க்க ஒரு பலகை உண்டு அதில். நான் கொஞ்சம் கம்பீரமாகப் பின்னால் சாய்ந்தால் பலகை சடக்கென்று இறங்கி, சபாநாயகர் சவரத்துக்குத் தயாரானவர் போல் கூரை மோட்டைப் பார்த்துக் கிடப்பார். முக்கியமான தீர்ப்புகள் பலவற்றை நான் அந்த நிலையில்தான் சொல்லியிருக்கிறேன்.

வாக்கெடுப்பு ரகசியமாக இருக்க வேண்டும் என்று வாத்தியார் பிடிவாதம் பிடித்தார். மூடியில் துளை போட்ட நெய் டின் ஒன்றை வைத்து, சம்மதம் என்றால் புளியங்கொட்டை, சம்மதமில்லை என்றால் நிலக்கடலை என்று ஏற்பாடு. முதல் இரண்டு வாரமும் எல்லாத் தீர்மானங்களும் ஏகமனதாக நிறைவேறின. எதிர்க்கட்சி ஆள் ஒருவர் இருக்கும்போது இது எப்படி என்று விசாரித்ததில், சம்மதமில்லாதவர்கள் தங்கள் வாக்கைத் தின்றுவிட்டது தெரிந்தது. எங்கள் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் அன்றைக்குத்தான் வந்தது: நிலக்கடலைக்குப் பதில் ஆமணக்கு முத்து.

இதெல்லாம் விளையாட்டு. விளையாட்டாகவே இருந்திருக்கும், நெய் வியாபாரிக்குத் தீ என்றால் பயம் இல்லாமல் இருந்திருந்தால்.

அங்கத்தினர்கள் பதவிப் பிரமாணம் எடுக்க வேண்டும் என்று என் புத்தகத்தில் இருந்தது. லண்டனில் பைபிளின் மேல் கை வைப்பார்களாம். இங்கே எதன் மேல் கை வைப்பது? நம் பக்கத்தில் சத்தியம் என்றால் சூடம்தான். எரிகிற சூடத்தின் முன்னால் வாக்குச் சொல்லி, உள்ளங்கையால் அதை அடித்து அணைக்க வேண்டும். அணைத்தவன் பேச்சை மாற்றினால் அவன் குடி அணையும் என்பது கணக்கு. இந்த அர்த்தமெல்லாம் அப்போது என் மனசில் இல்லவே இல்லை. பார்க்க அழகாக இருக்குமே என்றுதான் நினைத்தேன். சூடப் பொட்டலத்தைப் பார்த்ததும் வியாபாரி பதறிவிட்டார். நெய் டின்களுக்கு நடுவில் பதினோரு சூடமா, தம்பி, என் குடியைக் கெடுக்க வந்தாயா என்று எங்களைக் கிடங்குக்கு வெளியே விரட்டினார். வெளியே நாலு எட்டில் மாரியம்மன் கோயில். சூடம் ஏற்ற அதைவிட வசதியான இடம் ஏது என்று அங்கே போனோம்.

பிரமாண வாசகம் என் சொந்தச் சரக்கு. ‘இந்தச் சபை செய்யும் சட்டத்துக்கு நான் கட்டுப்படுவேன்’ என்று எழுதிப் பார்த்தேன். மொட்டையாக இருந்தது. ஓசைக்காக ஒரு சொல் சேர்த்தேன்: ‘நானும் என் நிலமும் கட்டுப்படுவோம்.’ எழுதி முடித்துவிட்டு, அடடா என்று என்னை நானே மெச்சிக்கொண்டது ஞாபகம் இருக்கிறது.

கோயில் வாசலில் பதினோரு பேரும் வரிசையாக நின்று அதைச் சொல்லிச் சூடத்தை அடித்து அணைத்தார்கள். பூசாரிக்கு ஒன்றும் புரியவில்லை. எந்த வழக்குக்குங்க இது என்று கேட்டார். அரசியல் என்றேன். அவர் இன்னும் குழம்பிப்போய் உள்ளே போய்விட்டார். பண்ணையக்காரரின் மனைவி அன்றைக்குச் சந்தைக்கு வந்திருந்தவர், கையில் தேங்காய் பழத்தோடு கோயில் வாசலில் நின்று தம் புருஷன் சூடத்தை அணைப்பதைப் பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் கவனித்தேன். கவனித்தும் என்ன பிரயோசனம்? அந்த அம்மாள் கண்ணுக்கு இது வேடிக்கையாகத் தெரியவில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

மாசி மாதம் எங்கள் சபையில் அபிசீனியா விவாதம் நடந்தது. இத்தாலி அந்த நாட்டின் மேல் படையெடுத்து, ஆகாய விமானத்திலிருந்து குண்டு போட்டுக்கொண்டிருந்த சமயம். ஐம்பதுக்கு மேற்பட்ட தேசங்கள் சேர்ந்து ஜெனீவாவில் சர்வதேச சங்கம் வைத்திருந்தன. ஒருவன் மேல் ஒருவன் பாய்ந்தால் எல்லோரும் சேர்ந்து தடுப்பதாக அத்தனை தேசங்களும் கையெழுத்துப் போட்டிருந்தன. அந்தச் சேதியை முதன்முதலில் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. உலகத்தையே ஒரு காகிதத்தில் கட்டிப்போட மனிதர்கள் துணிந்துவிட்டார்களே என்று இரண்டு நாள் பிரமித்துக் கிடந்தேன். இப்போது அந்தக் காகிதம் கிழிந்துகொண்டிருந்தது. பத்திரிகை ஒவ்வொரு வாரமும் கிழிசலை இன்னும் கொஞ்சம் பெரிதாகக் காட்டியது.

வெளிநாட்டு மந்திரி எழுந்தார். கொச்சையான பேச்சு, ஆனால் கிடங்கு முழுக்கக் கீரை தின்பதை நிறுத்திவிட்டுக் கேட்டது. நான் சுவரில் மாட்டியிருந்த பூகோளப் படத்தில் விரலை வைத்துச் சொன்னார்:

“கடலு பக்கத்துலதானுங்க இருக்குது. ஆனாப் போறதுக்குத் தடமில்லீங்க. சுத்திலும் பெரிய பெரிய ஆளுக வேலி போட்டுட்டாங்க. ஒருத்தரத் தண்ணிக்குப் போக உடாம அடைச்சு வெக்கறவன் எந்த ராசாவா இருந்தா என்னங்க, அவனுக்கு நல்ல சாவு வராதுங்க.”

பதினொன்றும் புளியங்கொட்டை. ஆமணக்கு முத்து ஒன்றுகூட விழவில்லை. இந்தத் தடவை யாரும் எதையும் தின்னவும் இல்லை. தீர்மானத்தை ஜெனீவாவுக்குத் தபாலில் அனுப்பினோம். பதில் வரவில்லை. ராசிபுரத்துப் பார்லிமெண்டுக்குப் பதில் எழுதும் நிலையில் அவர்கள் இல்லை என்று பெருந்தன்மையாக மன்னித்துவிட்டோம்.

அந்தப் பேச்சைக் கிடங்கு வாசலில் உட்கார்ந்து ஒரு பெண் கேட்டுக்கொண்டிருந்தாள். வெண்ணெய்ச் சட்டி காலியான பிறகும் அவள் எழுந்து போகவில்லை. அதை நான் அடுத்த வாரம்தான் அறிந்தேன்.

அடுத்த சந்தை நாளில் சபை கூடி, நான் மணியடித்து, பலகை ஒரு தடவை சரிந்து, மறுபடி நிமிர்ந்து உட்கார்ந்த பிறகு, அவள் நிலைப்படிக்கு வெளியே எழுந்து நின்றாள். முப்பத்தைந்து வயசிருக்கும். வெயிலில் கறுத்த முகம். சட்டியை இடுப்பிலிருந்து இறக்காமலே கேட்டாள்:

“போன வாரம் அந்த நாட்டுக்குச் சொன்ன ஞாயம் எங்கூரு இட்டேரிக்கும் உண்டுங்களா சாமி?”

இட்டேரி என்பது நம் பக்கத்தில் இரண்டு பக்கமும் வேலி வைத்த சந்துத் தடம். காடுகளுக்கு நடுவே ஆளும் மாடும் போய் வருகிற வழி. எந்த இட்டேரி என்று கேட்டேன். அவள் வெளிநாட்டு மந்திரியைப் பார்த்தாள்.

விஷயம் இதுதான். அவளுக்குப் பண்ணையக்காரரின் தோட்டத்துக்குப் பின்னால் ஒன்றரை ஏக்கர் மேட்டுக்காடும் ஒரு குடிசையும் இருந்தன. புருஷன் கண்டித் தேயிலைத் தோட்டத்துக்குப் போய் நாலு வருஷமாகத் தகவல் இல்லை. இரண்டு எருமை வைத்து வெண்ணெய் போட்டுத்தான் அவளும் பிள்ளைகளும் பிழைத்தார்கள். எருமைகள் குட்டைக்குப் போகிற வழி அந்த இட்டேரி. சென்ற வருஷம் பண்ணையக்காரர் தம் கிளுவை முள்வேலியை நகர்த்தி இட்டேரியைத் தோட்டத்தோடு சேர்த்துக்கொண்டார். அன்றிலிருந்து அவள் எருமைகளைப் பாறை வழியாகச் சுற்றி ஓட்டிக்கொண்டு போகிறாள். சினை எருமை ஒரு தடவை சறுக்கி விழுந்து முட்டி பிய்ந்துவிட்டது. பங்குனி வெயில் ஆரம்பித்துவிட்டது. ஒரு நாளைக்கு இரண்டு தடவை தண்ணீர் காட்டியாக வேண்டும். இன்னொரு தடவை விழுந்து காலை ஒடித்துக்கொண்டால் எருமை அடிமாட்டுக்குத்தான் போகும். அவள் கிராம முன்சீப்பிடம் போயிருக்கிறாள். அவர் பண்ணையக்காரருக்குப் பங்காளி. தாலூகாவுக்கு மனுக் கொடுத்திருக்கிறாள். மனு சுற்றிச் சுற்றி அதே முன்சீப்பிடம் விசாரணைக்கு வந்திருக்கிறது. வரப்போகிற புதுச் சட்டத்திலும் அவளுக்கு வாக்கு இல்லை. போவதற்கு வேறு இடமில்லாமல் எங்களிடம் வந்திருந்தாள்.

சபாநாயகர் என்ற முறையில், இந்தச் சபை உலக விவகாரங்களுக்கானது, உள்ளூர்த் தகராறு நம் அதிகாரத்துக்குள் வராது என்று வாயெடுத்தேன். வாத்தியார் எழுந்தார். மனுக் கொண்டு வருகிற யாரையும் சபை கேட்க வேண்டும் என்று நானே எழுதின விதியைப் பக்கத்தைச் சொல்லிப் படித்தார். நான் பின்னால் சாய்ந்தேன். பலகை இறங்கியது.

மோட்டைப் பார்த்தபடி நான் கிடக்கையில், பண்ணையக்காரரின் சிரிப்புக் கேட்டது. வரட்டும், கேட்டுவிடலாம், விளையாட்டுத்தானே என்றார். அவளுக்கு எதிராகத் தாமே பேசவும் பேசினார். மாடுகள் மிளகாய்ச் செடியைக் கடிக்கின்றன. சர்வே கல் எங்கே என்று யாருக்கும் தெரியாது. பாறை வழி சுற்றினால் அரை மைல்தான் கூடும் என்று அடுக்கினார். இத்தாலிக்காரனும் இதையேதான் சொன்னான் என்று வாத்தியார் குறுக்கே சொன்னார். சபை சிரித்தது. பண்ணையக்காரரும் சேர்ந்துதான் சிரித்தார். அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை.

நெய் டின் சுற்றி வந்தது. சபாநாயகருக்கு வாக்கு கிடையாது. இரண்டு பக்கமும் சமமாக வந்தால்தான் போட வேண்டும். பதினொன்று ஒற்றைப்படை, சமமாக வரவே வராது. அது தெரிந்தும், சமமாக வந்துவிடக் கூடாது என்று நான் மாரியம்மனை வேண்டிக்கொண்டேன். நியாயத்துக்காக அல்ல, என் முதுகுக்காக. டின்னைக் கவிழ்த்தோம். புளியங்கொட்டை ஏழு, ஆமணக்கு நாலு. நாலில் ஒன்று யாருடையது என்று தெரியும். மற்ற மூன்றையும் யார் போட்டார்கள் என்று இன்று வரை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

அவள் எழுதிக் கொடுக்கச் சொன்னாள். எழுதினேன். ‘மேற்படி இட்டேரி முன்போல் திறந்திருக்க வேண்டும்.’ டின் மூடிக்கு வைக்கிற அரக்கை உருக்கி முத்திரையும் வைத்தேன். இதைக் காட்டினால் விடுவார்களா என்று கேட்டாள். விட மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். தடி இல்லாத ஆணை வெறும் பேச்சு. இரண்டு தடவை பரீட்சையில் எழுதியவன் அல்லவா? காட்டிப் பாருங்கள் அம்மா என்று முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். அவள் காகிதத்தை நாலாக மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு போனாள். நன்றாக நடத்தினீர்கள் என்று பண்ணையக்காரர் என் முதுகில் தட்டிவிட்டுப் போய், மனைவி காத்திருந்த வண்டியில் ஏறினார்.

அதற்கப்புறம் நடந்ததை அவருடைய வண்டிக்காரன் சொல்லித்தான் அறிந்தேன். கிடங்கில் நடந்தது வெண்ணெய் போட வந்த பெண்கள் வழியாக அவர் மனைவிக்கு ஏற்கெனவே எட்டியிருந்தது. வழியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்: அன்றைக்குக் கோயிலில் சூடம் அணைத்தது இதற்குத்தானா? மனுக் கொடுத்த அந்தப் பெண்ணோ எங்கள் சட்டத்தை வேலிப் படலில் பனை நாரால் கட்டிவிட்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், வழக்கம் போல எருமைகளைப் பாறை வழியாக ஓட்டிக்கொண்டு போனாள். தினமும் அப்படித்தான். சத்தம் இல்லை, சாபம் இல்லை.

பண்ணையக்காரர் வீட்டில் சாயங்காலம் விளக்கு வைத்ததும் சூடம் காட்டுவது வழக்கம். மறுநாள் விளக்கு எரிந்தது, சூடம் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் அவர் ஏன் என்று கேட்டிருக்கிறார். அணைச்சவங்க இருக்கிற வீட்டில் எப்படி ஏற்றுவது என்று அந்த அம்மாள் திருப்பிக் கேட்டாராம்.

எனக்கு வந்த சேதி வேறு. பண்ணையக்காரர் ஆள் அனுப்பியிருக்கிறார், அந்தச் சபாநாயகன் எங்கே குடியிருக்கிறான் என்று விசாரிக்கிறார்கள் என்று கடைவீதியில் சொன்னார்கள். நான் எங்கள் அங்கத்தினரான நெசவாளர் ஒருவர் வீட்டுக்கு ஓடினேன். குழித்தறி போட்டிருந்தார். தறிக் குழிக்குள் இறங்கிக் குந்திக்கொண்டேன். தலைக்கு மேல் யாருடைய கல்யாணத்துக்கோ ஒரு பட்டுப் புடவை பாதி நெய்தபடி நின்றது. அதன் நிழலில் உட்கார்ந்து, தொடையில் காகிதத்தை வைத்து, ஒரு ரத்து மசோதா எழுதினேன். மேற்படி சபை பொழுதுபோக்குச் சபை என்றும், அதன் சட்டங்கள் யாரையும் கட்டுப்படுத்தா என்றும், பிரமாணங்கள் செல்லா என்றும். ஒன்பது பக்கம், ஒன்றரைப் பக்கம் எல்லாம் எழுதிப் பார்த்தவன் நான். என் வாழ்க்கையில் நான் எழுதின மிகத் தெளிவான அரசியல் பத்திரம் அந்த ஆறு வரிதான். பயத்துக்கு அப்படி ஒரு நடை உண்டு.

ஆனாலும் வண்டிக்காரன் கண்டுபிடித்துவிட்டான். குழியின் விளிம்பில் வந்து நின்று எட்டிப் பார்த்தான். சட்டத்தில் ஒரு குறை இருக்கிறதாம், பண்ணையக்காரர் கையோடு கூட்டி வரச் சொன்னார் என்றான். குறை என்ற சொல்லைக் கேட்டதும் நான் புடவையின் நிழலுக்குள் இன்னும் குனிந்தேன். நெசவாளர்தான் தோளைப் பிடித்துத் தூக்கி வெளியே விட்டார். ரத்து மசோதாவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினேன்.

அந்தக் கிராமத்துக்குப் போய் இறங்கியபோது நடு வெயில். தூரத்தில் போதமலை வெள்ளைப் புகை போல் தெரிந்தது. தோட்டத்து ஓரத்தில் பண்ணை ஆட்கள் ஆறேழு பேர் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றார்கள். பண்ணையக்காரர் ஒருவர் மட்டும் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, கொடுவாளால் தம் கிளுவை வேலியைத் தாமே வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டிக் கிழக்கும் மேற்கும் தள்ளியிருந்த கொப்புகளைப் பார்த்தால் காலையிலேயே ஆரம்பித்துவிட்டார் என்று தெரிந்தது. முன்னங்கை முழுக்க முள் கிழித்து ரத்தம் கோடு கோடாகக் காய்ந்திருந்தது. அவர் கொடுவாள் பிடித்து எத்தனை வருஷமோ.

நான் அப்படியே நின்றுவிட்டேன். போலீஸ் இல்லை. கோர்ட்டு அமீனா இல்லை. தடி என்ற பேச்சே இல்லை. நெய் டின்னில் விழுந்த ஏழு புளியங்கொட்டை, தண்ணீர் வற்றிய இந்தக் காட்டில், இந்த வட்டாரத்திலேயே பெரிய நிலக்காரரைக் குனிய வைத்து வெட்டச் சொல்லிக்கொண்டிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கோயிலில் எனக்கு வந்திருக்க வேண்டிய சிலிர்ப்பு அது. இத்தனை நாள் தாமதமாக வந்தது.

ஆட்களை விடக் கூடாதா, நீங்களே ஏன் என்று கேட்டேன். நிமிராமலே சொன்னார்:

“நானும் என் நிலமும்னுதானுங்க எழுதியிருக்குது. எம் பண்ணையாளுன்னு எழுதலீங்களே.”

ஓசைக்காக நான் சேர்த்த சொல். சட்டைப் பையிலிருந்து ரத்து மசோதாவை எடுத்தேன். எல்லாம் வேடிக்கைக்குச் செய்தது, இதில் ஒரு கையெழுத்துப் போட்டால் ஒன்றும் உங்களைக் கட்டாது என்று நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. கொடுவாளைத் தோளில் சாய்த்துக்கொண்டு என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். அதில் கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

“சூடத்த அணைச்ச கை என்னோடதுங்க. காயிதத்த நீங்களே வெச்சுக்குங்க.”

பிறகு என்னைக் கூப்பிட்ட காரியத்துக்கு வந்தார். சட்டத்தில் இட்டேரி திறந்திருக்க வேண்டும் என்று இருக்கிறது, எத்தனை அகலம் என்று இல்லையே என்றார். இரண்டு தடவை பி.ஏ. எழுதினவன், சபாநாயகன், சட்டம் எழுதி முத்திரை வைத்தவன், அகலம் போட மறந்திருந்தேன். எங்கள் சட்டத்தை என்னைவிடக் கவனமாகப் படித்தவர் அதற்கு எதிராக வாக்குப் போட்ட மனிதர் ஒருவர்தான்.

வேலிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் இரண்டு எருமைகளையும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ தெரியவில்லை. அவளுக்கும் அவருக்கும் நடுவில் ஆறடிகூட இல்லை. ஆனாலும் இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. எத்தனை அகலம் வேண்டும் என்று கேட்டுச் சொல்லுங்கள் என்றார் அவர் என்னிடம். நான் திரும்பி அவளிடம் கேட்டேன். காதில் விழாதது போல நின்றிருந்தவள், நான் கேட்ட பிறகு என்னிடம் சொன்னாள்:

“போற எருமையும் வார எருமையும் கொம்பு இடிக்காமப் போகோணும்னு சொல்லுங்க சாமி.”

நான் திரும்பி அவரிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். இரண்டு வல்லரசுகளுக்கு நடுவில் ஜெனீவா போல நின்று, ஆறடி தூரத்துக்குச் சேதி கொண்டு போய்க்கொண்டிருந்தேன். ஒரு வித்தியாசம், இந்த ஜெனீவா சொன்னது நடந்தது. அவள் ஓர் எருமையை இந்தத் தலையிலிருந்தும் இன்னொன்றை அந்தத் தலையிலிருந்தும் நடத்திக் காட்டினாள். கொம்புகள் ஒரு சாண் இடைவெளியில் கடந்தன. அவர் அந்த இடத்தில் கொடுவாளால் மண்ணில் கோடு கிழித்தார். அப்புறம், யாரும் கேட்காமலே, கோட்டைத் தாண்டி இன்னும் ஒரு முழம் வெட்டினார். சினை எருமைக்கு வயிறு அகலம் என்று யாரிடம் என்றில்லாமல் சொல்லிக்கொண்டார்.

கடைசிக் கொப்பையும் இழுத்துத் தள்ளிவிட்டு, அவர் கொடுவாளை ஆளிடம் கொடுத்தார். வேலிப் படலில் கட்டியிருந்த காகிதத்தை அவிழ்த்து, முத்திரை உதிராமல் மடித்து, மடியில் வைத்துக்கொண்டு, வீட்டைப் பார்த்து நடந்தார்.

நான் தடத்தின் நடுவில் நின்றிருந்தேன். இப்படிப்பட்ட நேரத்தில் வாயை மூடிக்கொண்டு இருப்பதுதானே மனிதர்கள் வழக்கம். நான் பேச ஆரம்பித்தேன். இன்றைக்கு இங்கே நடந்தது சாதாரணக் காரியமில்லை அம்மா என்றேன். ஐம்பது தேசம் கையெழுத்துப் போட்டும் ஓர் ஏழை நாட்டுக்குக் கடலுக்குப் போகத் தடம் திறக்க முடியவில்லை, நெய்க் கிடங்கில் பதினோரு பேர் சேர்ந்து திறந்துவிட்டோம் என்றேன். அரசு என்றால் தடி என்று புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள், அது தப்பு, அரசு என்றால் ஒருவன் தன் வாயால் சொன்ன சொல்லுக்குத் தானே பயப்படுவது என்று இரண்டு கையையும் விரித்துச் சொல்லிக்கொண்டே போனேன். பரீட்சைக்காரர்கள் அந்த இட்டேரியில் இருந்திருந்தால் அன்றைக்கு நான் பாஸ்.

அவள் சினை எருமையின் கயிற்றைச் சுருக்கிப் பிடித்தபடி, நான் மூச்சு வாங்க நிறுத்தும் வரை பொறுத்திருந்தாள்.

“வழிய உடுங்க சாமி, எருமைக்குத் தாகம்.”